மாம்பலத்தில் இறங்குவதா, பல்லாவரத்தில் இறங்குவதா?

போன ஆடியில் வாங்கிய பதினோரு உருப்படிகளில் எத்தனை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன என்று போன ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து. நான்கு துணிகள் அடுப்பு மேடையும் வண்டியும் துடைக்கப் போய்விட்டன. மிச்சம் இரண்டும் டேக் கூடப் பிரிக்காமல் அடித்தட்டில் கிடக்கின்றன. ஒன்று மகளுக்குப் பிடிக்கவில்லை, இன்னொன்று எனக்குத் தோளில் பிடிக்கிறது. பில் தொகை 7,400 ரூபாய். கடையில் நின்று கணக்குப் போட்டபோது ஒரு துணி 670 ரூபாய் சொச்சம்தானே, பரவாயில்லை என்று தோன்றியது. ஓராண்டு கழித்து, உடுத்துகிற ஐந்தை மட்டும் வைத்து வகுத்தால் ஒன்று 1,480 ரூபாய் ஆகிறது. பாதி விலை என்று சொல்லித்தான் வாங்கினோம்.

அதே பீரோவில் என் கணவரின் நீலக் கோடு போட்ட காட்டன் சட்டை ஒன்று தொங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 120 ரூபாய்க்கு எடுத்தது. யாரோ போட்டுக் கழித்த சட்டை. வாரம் ஒரு முறையாவது அலுவலகத்துக்குப் போட்டுப் போகிறார். காலரில் ஒரு பிசிறு கிடையாது.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் துணி எடுக்கிற வேலை நிறையவே இருக்கிறது. மகள் கல்லூரி சேர்ந்திருக்கிறாள். யூனிஃபார்ம் போன பிறகு தினம் ஒரு உடை வேண்டும். மகனுக்குப் பதினான்கு வயது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். சேத்துப்பட்டில் ரயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கி, தி.நகர் ஜவுளிக்கடைகள் இருக்கும் ரங்கநாதன் தெருவுக்குள் நுழையலாம். இறங்காமல் அதே ரயிலில் இன்னும் ஏழு ஸ்டேஷன் போனால் பல்லாவரம். எங்கே இறங்குவது என்பதை ஒரு வாரமாக யோசித்து எழுதியதுதான் இது.

முதலில் ஆடித் தள்ளுபடிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாணம் இல்லையென்றால் ஜவுளிக்கடைக்குப் பெரிய வியாபாரம் இல்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் தட்டுகளைக் காலி செய்ய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆடித் தள்ளுபடி. ஆக அதற்குள் ஒரு உண்மையான காரணம் இருக்கிறது. தேங்கிப்போன நல்ல சரக்கு நிஜமாகவே குறைந்த விலைக்கு வரும். நாள்பட்ட டிசைன் என்பதற்காகத் தள்ளப்பட்ட புடவை, ஒரே ஒரு அளவு மட்டும் மிஞ்சிய சட்டை, இதெல்லாம் கண்ணில் பட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். வரியிலும் ஒரு லாபம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடைகளுக்கு உருப்படிக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தள்ளுபடி போக வருகிற விலைக்குத்தான் வரி என்பதால், 3,000 ரூபாய் உடை 2,400-க்கு இறங்கும்போது வரியும் சேர்ந்து இறங்குகிறது.

தேங்கிய சரக்கு மட்டும்தான் அந்தக் கடைகளில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாசலிலேயே மலை மாதிரிக் குவித்து வைத்திருக்கும் குர்திகள் போன வருடம் விற்காமல் நின்றவை போலவா தெரிகின்றன? ஒரே டிசைன், எல்லா அளவும், எல்லா நிறமும். தேங்கிய சரக்கு அப்படி வராது, அதில் அளவு உடைந்திருக்கும். குவியலில் இருப்பது இந்த விலைக்கு விற்பதற்காகவே வந்த சரக்கு என்று எனக்குப் பட்டுவிட்டது. அப்படியானால் டேக்கில் அடித்துவிட்டிருக்கும் 1,299 என்ற விலையில் அதை யாரும் எப்போதும் வாங்கியதில்லை. எதிலிருந்து பாதி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். டேக்கில் உள்ள சதவீதத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, இந்தத் துணிக்கு நானாக என்ன விலை கொடுப்பேன் என்று யோசிப்பேன். முக்கால்வாசி நேரம் தள்ளுபடி விலையே அதிகமாகத்தான் தெரியும்.

அப்புறம் அந்தக் கூட்டம். ஆடி ஞாயிற்றுக்கிழமையில் ரங்கநாதன் தெருவில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைக் கொண்டுபோகும். டிரையல் ரூமுக்கு முன்னால் இருபது பேர் நிற்கும்போது மகள் ‘போட்டுப் பார்க்க வேண்டாம்மா, எடுத்துடலாம்’ என்கிறாள். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் இரண்டும் அப்படி எடுத்தவைதான். மாற்றலாம் என்றால், தள்ளுபடி துணி மாற்றித் தரப்பட மாட்டாது என்று பில்லிலேயே அச்சடித்திருந்தார்கள். தையல் விட்டுப்போன ஒரு சுடிதாரை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குத் திரும்பவும் போனேன். அந்த அச்சடித்த வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தைரியமாகக் கேளுங்கள். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் வேறு. தையல் விட்டது, சாயம் வழிந்தது என்பது குறை.

அங்கே என்னை மிகவும் உறுத்துவது விற்பனைப் பெண்களின் கால்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஆடிக் கூட்டத்தில் இருக்கை இருந்தாலும் யார் உட்கார முடியும்? ‘இந்தக் கலர் பாருங்கக்கா’ என்று நாற்பதாவது புடவையை விரிக்கும் பெண்ணின் குரலில் இருக்கும் களைப்பு, எனக்குக் கிடைக்கிற 200 ரூபாய் லாபத்தில் ஒரு பங்கு அவள் கணக்கில் ஏறுகிறது என்று சொல்கிறது.

சரி, பழைய துணிக்கு வருகிறேன். ‘பழையது’ என்றதும் தேய்ந்தது, குறைந்தது என்றுதான் மனதில் படுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நீலக் கோட்டுச் சட்டைதான் என்னை மாற்றியது. புதுத் துணி தன் குணத்தைக் கடையில் காட்டாது. நெய்யும்போதும் பின்னும்போதும் நூல் இழுபட்டு விறைப்பாக நிற்கிறது. முதல் சில சலவைகளில்தான் அந்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்கும். சாயத்தில் நூலோடு ஒட்டாமல் மேலாக நிற்பதும் அந்தச் சலவைகளில்தான் கழுவிக்கொண்டு போகும். மேலே பூசிய கஞ்சியும் மெருகும் போன பிறகுதான் துணியின் நிஜமான கனம் கைக்குத் தெரியும். கோணலாக வெட்டித் தைத்த டி-ஷர்ட்டில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வருவதும் அப்போதுதான். பழைய துணியில் இவையெல்லாம் நடந்து முடிந்துவிட்டன. சுருங்க வேண்டியது சுருங்கிவிட்டது, போக வேண்டிய சாயம் போய்விட்டது, முறுக்கிக்கொள்ள வேண்டிய தையல் முறுக்கிக்கொண்டுவிட்டது. இருபது முறை துவைத்த பிறகும் ஒரு சட்டை நேராக நிற்கிறது என்றால் இன்னும் நாற்பது முறை நிற்கும். ‘சாயம் போகுமா?’ என்று யாரிடமும் கேட்க வேண்டாம். கையில் எடுத்தாலே தெரியும். கடையில் வாக்கை நம்பி வாங்குகிறோம், சந்தையில் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். என் முடிவில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால் ஆனது.

பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமைதோறும் கூடும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பழைய மிக்ஸி, சைக்கிள், கட்டில், செடி, கோழிக்குஞ்சு என்று கிடைக்காத பொருள் இல்லை. நடுவில் தார்ப்பாய் விரித்துத் துணிகளைக் கொட்டியிருப்பார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், பத்துக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. இன்ச் டேப் ஒன்றும், நமக்குச் சரியாக இருக்கும் ஒரு பேண்ட்டும் சட்டையும் பையில் எடுத்துப்போனால் டிரையல் ரூம் தேவையில்லை, மேலே வைத்து அளந்துவிடலாம். லேபிளில் போட்டிருக்கும் அளவை நம்பக் கூடாது. 40 என்று போட்ட சட்டை துவைத்துத் துவைத்து 38 ஆகியிருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அங்கே கடை போடும் ஒரு பாட்டி. சட்டை என்றால் முதலில் கக்கத்தைப் பார். வியர்வைக் கறை மஞ்சளாகப் பிடித்திருந்தால் எதற்கும் போகாது. அடுத்து காலர் மடிப்பு, அடுத்து காஜா. ஜீன்ஸ் என்றால் தொடை இடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடி. ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஒரு மாதத்தில் கிழியும். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்கு. குர்தி என்றால் பக்கவாட்டுத் திறப்பு முடியும் இடத்தில் தையல் பிளந்திருக்கிறதா பார். எலாஸ்டிக் வைத்த எதையும் இழுத்து விடு, திரும்பி வராவிட்டால் வைத்துவிடு. ‘நல்லா பாரும்மா, பாத்துட்டு எடு, எடுத்த அப்புறம் திட்டாத’ என்றார். குறையை மறைக்காமல் காட்டித் தருகிற வியாபாரியிடம் 80 ரூபாய்ச் சட்டைக்கு 60 என்று பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் பேச வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்தத் துணிகளில் ஒரு பகுதி நம் வீடுகளிலிருந்துதான் போகிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று தெருவில் கூவிக்கொண்டு வரும் பெண்கள் நினைவிருக்கிறதா? இரண்டு பேண்ட்டும் ஒரு புடவையும் போட்டால் ஒரு டபரா. ஜரிகை இருந்தால் ஒரு தூக்கு. அவர்கள் எடுத்துப்போனதைப் பிரித்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, நல்லதைச் சந்தைக்கு அனுப்புவார்கள். நைந்தது ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியாகும். நாம் குப்பை என்று கொடுத்ததை ஒரு பிழைப்பாக மாற்றியவர்கள் அவர்கள். துணிக்கு இரண்டாவது ஆயுள் தருவதை இன்று ஏதோ புதுச் சிந்தனை போலப் பேசுகிறார்கள். நம் தெருக்களில் தலையில் கூடையோடு அது நடந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்த வழி கைபேசி. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு முறை, இரண்டு முறை கட்டிய புடவைகளை விற்கிறார்கள். பட்டுப்புடவை விஷயத்தில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணப் பட்டை யோசித்துப் பாருங்கள். முகூர்த்தத்தன்று கட்டுகிறாள், மறுவீட்டுக்குக் கட்டுகிறாள், பிறகு வருடத்துக்கு ஒரு முறை கட்டினாலே அதிகம். பெரும்பாலான பட்டு கட்டிப் பழசாவதில்லை, மடிப்பில் இருந்துதான் பழசாகிறது. கடைசியில் ‘பழைய பட்டுப்புடவை எடுக்கறது’ என்று வருபவர் ஜரிகை எடைக்கு வாங்கிப்போய் உருக்கி வெள்ளி எடுக்கிறார். பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்த புடவை சில கிராம் வெள்ளியாகப் போவதைவிட இன்னொரு பெண்ணின் இடுப்பில் ஏறுவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பழைய பட்டு வாங்குகிறவர் நிதானமாக இருக்க வேண்டும். புதுப்புடவைகள் பலவற்றில் பட்டுதான் என்பதற்குச் சில்க் மார்க் முத்திரை தொங்கும், பழையதில் அது இருக்காது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் முடி கருகும் வாடை வந்து சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். உருகி மணி மாதிரி உருண்டால் அது பாலியஸ்டர். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். ஜரிகை சற்றுக் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளி கறுக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டியது மடிப்பைப் பார்த்து. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். அதனால் புடவையை முழுவதும் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்து எடுத்த வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உடலையும் கரையையும் கோர்வையில் சேர்த்த புடவை என்றால் அந்தச் சேர்க்கையை உள்பக்கம் காட்டச் சொல்லுங்கள். ஃபால்ஸ் தைத்த அடி ஓரம், கொசுவம் செருகும் இடம், முந்தியில் பின் குத்திய ஓட்டை, இவற்றையும் கேட்கலாம். உண்மையாக விற்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரவிக்கைத் துணி வெட்டப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். தனியாக எடுக்க வேண்டிவரும், அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். ஒரு முறை நான் முன்பணம் அனுப்பிவிட்டு, படத்தில் அரக்காகத் தெரிந்தது கைக்கு வரும்போது செங்கல் நிறமாக இருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் எடுத்த படம் இல்லாமல் பணம் அனுப்புவதில்லை.

தொற்று பற்றிய பயத்தைப் பலரும் சொல்கிறார்கள். அது நியாயமான பயம், அதைத் தள்ளிவிடக் கூடாது. சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனித உடம்பை விட்டு வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் வாங்கி வந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் பால்கனியில் வைத்துவிடுவேன். படர்தாமரைக் காளான் அதைவிட அதிக நாள் தங்கும், மூட்டைப்பூச்சி முட்டையும் லேசில் சாகாது. அதற்கு வெந்நீர்தான். வாஷிங் மெஷினில் 60 டிகிரி வைத்துக் காட்டன் துணிகளைப் போடுவேன். மெஷின் இல்லாதவர்கள் பெரிய அண்டாவில் ஊறவைக்கலாம். பிறகு உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு மொட்டைமாடி வெயிலில் ஒரு முழுப் பகல். பட்டுக்கு இது ஆகாது. டிரை கிளீனிங் கொடுத்து, நிழலில் காற்றாட விட்டு, இஸ்திரி போட வேண்டும். அந்தச் செலவும் விலையில் சேர்த்தி. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ரங்கநாதன் தெருக் குவியலில் இருக்கும் புதுக் குர்தியை எத்தனை பேர் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அதைத் துவைக்காமலேயே உடுத்துகிறோம்.

இதையெல்லாம் விடக் கனமானது இன்னொன்று. ‘ஏண்டி, நமக்கு என்ன குறை? ஊரார் போட்ட துணியை நாம ஏன் போடணும்?’ என்று அம்மா கேட்டார். கேலி செய்யக் கூடிய கேள்வி அல்ல அது. அம்மா வளர்ந்த காலத்தில் பழைய துணி என்பது வேலை செய்த வீட்டில் கொடுப்பது, வாங்கிக்கொண்டு தலை குனிவது. அந்த வலியிலிருந்து வெளியே வந்து, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்ததில் அவருக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். தானமாக வாங்குவதும் காசு கொடுத்து, பார்த்து, தேர்ந்து எடுப்பதும் வேறு வேறு என்று சொன்னேன். செத்தவர்கள் துணியாக இருந்தால் என்ன செய்வாய் என்றார். ‘பாட்டி போனப்புறம் பாட்டியோட சுங்குடியை நீங்க கட்டிக்கலையாம்மா?’ என்று கேட்டேன். ‘அது எங்கம்மா’ என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஒன்று சொன்னார். நான் பிறந்தபோது என்னைச் சுற்றிய முதல் துணி தாத்தாவின் பழைய வேட்டி. தூளி கட்டியது அத்தையின் பழைய நூல் புடவையில். குழந்தையின் தோலுக்குப் புதுத்துணி உறுத்தும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் ஆகும் என்று பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளையின் சட்டையைக் கேட்டு வாங்கி அடுத்த பிள்ளைக்குப் போடுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. அம்மா முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். தனக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், அவருக்கு நான் வாங்கப் போவதும் இல்லை. ஆனால் சந்தையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இப்போது ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் உள்ளே விடுகிறார்.

பழையது ஆகாத இடங்களும் உண்டு. உள்ளாடை, சாக்ஸ், துண்டு இவை புதிதாகத்தான் வாங்க வேண்டும். செருப்பும் ஷூவும் முதலில் போட்டவரின் நடைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், வளரும் பிள்ளைக்கு அது நல்லதல்ல. பருமனான உடம்புக்குப் பழைய துணியில் அளவு கிடைப்பது கஷ்டம். என் கணவருக்கு 44, நான்கு வெள்ளி போனால் ஒரு சட்டை கிடைக்கும். நேரம் இல்லாதவர்களுக்கும் சந்தை சரிவராது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பல்லாவரம் போய் நிற்பதில் பயனில்லை, தி.நகர்தான் கைகொடுக்கும். உடுத்துபவரின் விருப்பமும் முக்கியம். என் மகள் சம்மதித்தாள், அவள் வகுப்பிலேயே பலர் இன்ஸ்டாகிராமில் இப்படி வாங்குகிறார்களாம். மகனிடம் ஒரு நாள் பேசிப் பார்த்தேன், ஜீன்ஸ் சரி, டி-ஷர்ட் வேண்டாம் என்றான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

எனக்குள் தீராமல் இருந்த கேள்வி நெசவாளர்களைப் பற்றியது. என் கணவரின் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். அவருடைய பெரியப்பா தறி ஓட்டியவர். எல்லோரும் பழையது வாங்கினால் தறிக்காரன் என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். அதே ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி அந்த அணையில் தேங்கி, சுற்றியிருந்த கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதை அந்தப் பக்கத்து மனிதர்கள் இன்னும் சொல்வார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது அது. ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பருத்தி வயலிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அப்படி வந்த டி-ஷர்ட் ஒரே வருடத்தில் எங்கள் வீட்டு வண்டியைத் துடைக்கிறது. பெரியப்பாவுக்கு என் பதில் இதுதான். தள்ளுபடிக் குவியலில் நான் கொடுத்த 7,400 ரூபாயும் கைத்தறிக்குப் போகவில்லை. பழையது வாங்கி மிச்சம் பிடிக்கிற பணத்தில் வருடத்துக்கு ஒரு நல்ல கைத்தறிப் புடவை, இரண்டு வேட்டி, ஒரு சென்னிமலைப் போர்வை வாங்க முடியும். 1935-லிருந்து இருக்கிற கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் கழிவு தருகிறார்கள். நான் மனமார வரிசையில் நிற்கிற தள்ளுபடி அது ஒன்றுதான்.

ஆக 15,000 ரூபாயை இப்படிப் பிரித்திருக்கிறோம். மகளின் கல்லூரி உடைகளுக்கு 2,500. சந்தையில் நான்கு குர்தி, மிச்சம் அவள் கைபேசியில் பார்த்துவைத்திருக்கும் இடங்களில். மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் சந்தையில் 1,200. கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பழைய காஞ்சிப் பட்டு, டிரை கிளீனிங்கும் ரவிக்கையும் சேர்த்து 4,500. அதை விற்கிறவர் குரோம்பேட்டையில்தான் இருக்கிறார், நேரில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம். கல்யாணப் பெண்ணுக்கு வைத்துக் கொடுக்கும் புடவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கோ-ஆப்டெக்ஸில் 5,500-க்குள் எடுப்போம். மீதி 1,300 உள்ளாடைகளுக்கும் மகனின் இரண்டு டி-ஷர்ட்டுக்கும். அதற்கு மட்டும் ஒரு புதன்கிழமை காலை, கூட்டம் சேர்வதற்குள், மாம்பலத்தில் இறங்குவேன்.

இந்த வெள்ளிக்கான சீட்டை எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியாயிற்று: ஜீன்ஸ் இரண்டு, இடுப்பு 28, அடியில் மடித்துத் தைத்தது கிடைத்தால் நல்லது, வளர வளரப் பிரித்துவிடலாம். சட்டை 44, கிடைத்தால். குர்தி நான்கு, காட்டன் மட்டும். இன்ச் டேப். சில்லறை.